ஏழாவது பத்தி

அன்றைக்குக் காலையில் சௌந்திரம் இரண்டு இட்லி தின்றாள், இரண்டையும் வாந்தி எடுத்தாள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கோர்ட்டுக்கென்று எடுத்து வைத்த சேலையைக் கட்டி, பின் குத்தி, வாசல் வரைக்கும் வந்தவள் மறுபடியும் பின்கட்டுக்கு ஓடினாள். வயிற்றில் ஒன்றும் இல்லை, வெறும் தண்ணீர்தான் வந்தது. சின்ன வயதிலிருந்தே அவள் இப்படித்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போன நாளிலும் வாந்தி, பெண் பார்க்க வந்த நாளிலும் வாந்தி. பயந்தாங்கொள்ளி என்று ஊருக்குள் பேர் வாங்கியவள். ஆனால் அதெல்லாம் ஒரு பயமா? பரீட்சையில் தோற்றால் அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம். இன்றைக்கு அவள் ஏறப் போகிற கூண்டில் ஒரு வார்த்தை சறுக்கினாலும் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும்.

“ஏம் புள்ள, பஸ்ஸ உட்டுருவ போலிருக்குது,” என்று வாசலில் நின்று சத்தம் போட்டான் அவள் புருஷன் ஆனந்தகுமார்.

அவனுக்கு வார்த்தை கொஞ்சம் குழறித்தான் வரும். இரண்டு வருஷமாக அப்படி. வலது கை தோளிலிருந்து சும்மா தொங்கும். அதில் டம்ளரைக் கொடுத்தால் பாதித் தண்ணீர் சட்டைக்குத்தான் போகும். வலது காலும் இழுக்கும். அவன் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் பதினாறு வருஷம் ஆழ்துளைக் கிணறு போட்டவன். சத்தீஸ்கர், ஒடிசா என்று எட்டு மாதம், பத்து மாதம் சுற்றிவிட்டு மாரியம்மன் திருவிழாவுக்குத்தான் வீடு வந்து சேருவான். லீவரில் கை வைத்தால் கீழே இருப்பது பாறையா மண்ணா என்று அந்தக் கைக்கே தெரியும் என்பார்கள். அந்தக் கைதான் போயிற்று. இனி எந்த வண்டி முதலாளியும் அவனை ஏற்ற மாட்டார்.

கை போன கதை இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மதியம், பைபாஸ் ஓரத்து பாரில் அவனை அடித்துப் போட்டார்கள். பார் காளியண்ணன் என்கிறவருடையது. அடித்தது அவரிடம் வேலை பார்க்கிற வீரனும் இன்னும் இரண்டு பேரும். முதலில் பாட்டில், அப்புறம் இரும்பு ஸ்டூல். மண்டையின் இடப் பக்கம் பிளந்து, சேலத்தில் பதினெட்டு நாள் கண் திறக்காமல் கிடந்தான். கண் திறந்து, பேச்சு வந்து, ஸ்டேஷனுக்குப் புகார் கொண்டு போனால், அங்கே ஒரு தாளைக் காட்டிக் கையை விரித்துவிட்டார்கள். முதலில் கொண்டு போன அரசு ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல் அது. அதில் இரண்டே வரிதான் இருந்தது. இரு சக்கர வாகனத்திலிருந்து விழுந்ததாகச் சொல்கிறார்கள். மூச்சில் மது வாடை இருக்கிறது.

போலீஸ் கேஸ் அங்கேயே செத்துப்போனது. சும்மா விடுவதாக இல்லை என்று ஆனந்தகுமார் காளியண்ணன் மேல் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டான். அந்த இரண்டு வரியையும் எழுதிய டாக்டர் ஷைமா பணம் வாங்கிக்கொண்டு எழுதிவிட்டாள் என்பதுதான் அவன் கட்சி. அவன் அதை வக்கீலிடம் மட்டுமா சொன்னான்? ஆஸ்பத்திரிக்கே போய், நோயாளிகள் வரிசையில் நிற்க, அந்தச் சின்னப் பெண்ணை வாய்க்கு வந்தபடி பேசினான். இடது கையால் அவள் மேஜைக் கண்ணாடியை உடைத்தான். கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனுக் கொடுத்தான். விசாரணை வைத்து அவளை ஓமலூருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ மாற்றிவிட்டார்கள். விசாரணை இன்னும் முடியவில்லை.

இன்றைக்கு சௌந்திரம் சாட்சி. அவள் பேரில் ஆனந்தகுமாரின் வக்கீல் உஷாராணி எழுதிய வாக்குமூலத்தில் போன வாரமே கையெழுத்தும் போட்டுவிட்டாள். அதில் ஏழாவது பத்தி இப்படி இருந்தது: ‘என் கணவர் பாரில் தாக்கப்பட்டதை நான் டாக்டரிடம் தெளிவாகச் சொன்னேன். டாக்டர் எதிரியோடு சேர்ந்துகொண்டு அதை மாற்றி எழுதிவிட்டார்.’ மற்றப் பத்தியெல்லாம் உண்மை. ஏழாவது பத்தி மட்டும் பச்சைப் பொய். வண்டியிலிருந்து விழுந்துவிட்டார் என்று டாக்டரிடம் சொன்னதே சௌந்திரம்தான்.

ஏன் சொன்னாள்? வேறென்ன, பயம்தான்.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்குப் பூச்சாட்டி, கம்பம் நட்டு, காப்புக் கட்டியாகிவிட்டது. தீக்குண்டத்தில் முதல் ஆளாக இறங்குகிற முறை அவள் மாமனார் குமாரசாமி வீட்டுக்கு உரியது. அவருக்கு முட்டி போய்விட்டதால் மகன் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார்கள். காப்புக் கட்டியவன் கறி தின்னக் கூடாது, ஊர் எல்லை தாண்டித் தங்கக் கூடாது, குடியைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது. இவனோ குண்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, கூட ரிக்கில் ஓடிய நவீன்குமார் கூப்பிட்டான் என்று பாருக்குப் போய் உட்கார்ந்திருக்கிறான். சும்மா உட்காரவா போவான்? பக்கத்து மேஜையிலிருந்த வீரன் அந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்துவிட்டான். “காப்புக் கட்டுன கையி கிளாசப் புடிக்கிற அழகப் பாருங்கடா,” என்று சிரித்தான். இவன் எழுந்து அவன் சட்டையைப் பிடித்தான். அப்புறம் நடந்ததுதான் மேலே சொன்னது.

நவீன்குமார் போன் பண்ணியதும் சௌந்திரம் ஸ்கூட்டியில் ஓடினாள். அவள் உள்ளே நுழைந்தபோது புருஷன் தரையில் கிடந்தான், நவீன்குமாரைக் காணோம். வீரன் ஸ்டூலை ஓங்கி இன்னொரு தரம் அடித்ததை அவள் கண்ணால் பார்த்தாள். ஆட்டோவில் புருஷனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனபோது, ரத்த வாடைக்கு மேலே சாராய வாடை அடித்தது. அவன் மணிக்கட்டில் காப்பு இருந்தது. ஊருக்குத் தெரிந்தால் திருவிழா நிற்கும், முறையைப் பிடுங்குவார்கள், இந்த வருஷம் யார் வீட்டில் எந்தக் குழந்தைக்கு அம்மை போட்டாலும் இவர்கள் வாசலில் வந்துதான் மண்ணை வாரித் தூற்றுவார்கள்.  குனிந்து அந்தக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் வெளியே எறிந்தாள்.

டாக்டர் ஷைமா இரண்டு முறை கேட்டாள். “நிஜமாவே வண்டியில இருந்தாம்மா விழுந்தாரு? காயம் அப்படித் தெரியலையே.” இரண்டு முறையும் சௌந்திரம் ஆமாம் என்றாள். இரண்டாம் முறை, தன் ஒரே மகள் பிரீத்தி மேல் சத்தியம் பண்ணினாள். மூன்றாவது நாள் குண்டம் வேறு ஆள் இறங்கி நல்லபடியாக முடிந்தது. பிற்பாடு அடிதடி விஷயம் வெளியே வந்தபோது, நண்பனைக் கூப்பிடத்தான் போனேன், ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை என்று அப்பாவிடம் சாதித்துவிட்டான் ஆனந்தகுமார். காப்பு சண்டையில் அறுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான். டாக்டரிடம் என்ன சொன்னாய் என்று அவன் கேட்டபோது, நடந்ததைத்தான் சொன்னேன் என்றாள் சௌந்திரம். அந்த ஒரு பதிலை அவன் பிடித்துக்கொண்டு இத்தனை தூரம் வந்துவிட்டான். அந்தச் சத்தியம் பண்ணிய நாளிலிருந்து பிரீத்திக்குத் தும்மல் வந்தாலும் அவளுக்குத் தூக்கம் போய்விடும்.

இதெல்லாம் போதாதென்று முந்தாநாள் வீரன் வீட்டுக்கே வந்தான்.

காலை பதினொரு மணி. ஆனந்தகுமார் கைக்குப் பயிற்சி எடுக்கப் போயிருந்தான். வீரன் செருப்பை வெளியே விட்டுவிட்டு, கையில் ஆப்பிள் பையோடு, சொந்தக்காரன் மாதிரி வந்து நின்றான்.

“அக்கா, தண்ணி கொஞ்சம் குடுங்க. வெயிலு தாங்கலீங்க.”

கொடுத்தாள். கொடுக்காமல் கதவைச் சாத்தியிருக்க வேண்டும் என்று பிற்பாடு தோன்றியது. அந்த நேரத்துக்குக் கை தானாகச் செம்பை எடுத்துவிட்டது. அவன் முழுவதும் குடித்து முடித்துச் செம்பைத் துடைத்து வைத்தான்.

“பாப்பா நல்லாப் படிக்குதுங்களா? மூணே முக்காலுக்குத்தான வேன் வந்து உடுது. அந்த முக்குல லாரியெல்லாம் வேகமா வருதுங்க, பாத்துக்கோங்க.”

சௌந்திரம் திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“நாங்க ஒண்ணும் பண்றவங்க இல்லீங்க அக்கா. ஒரே ஒரு ஒதவிதான். டாக்டரம்மாகிட்ட வண்டியில இருந்து உழுந்தாருன்னு சொன்னது நீங்கதான? கூட வந்தது நீங்க ஒருத்தருதான், வேற ஆரு சொல்லியிருக்கப் போறா. அதையே கூண்டுலயும் சொல்லிப்போடுங்க. இல்லீன்னா எங்க வக்கீலு காப்பப் பத்திக் கேப்பாருங்க. காப்புக் கட்டுன கையோட குடிச்சாருன்னு உங்க மாமனாரு முன்னாடியே போட்டு ஒடைக்கும்படி ஆயிரும். அந்தப் பாவம் எங்களுக்கு எதுக்குங்க.”

போகும்போது கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான். அந்த மரியாதைதான் அவளை இன்னும் உலுக்கியது. கத்திவிட்டுப் போயிருந்தாலாவது அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டிருப்பாள்.

வீரன் வந்ததை எதிர்வீட்டுக்காரர் ஆனந்தகுமாரிடம் சொல்லிவிட்டார். கேஸை வாபஸ் வாங்கச் சொன்னான் என்று மட்டும் சௌந்திரம் சொன்னாள். அவன் பல்லைக் கடித்தான். “பயந்துக்காத. ஏழாவது பத்திய அச்சு மாறாமச் சொல்லு. மத்தது நான் பாத்துக்கறேன்,” என்றான். என்னத்தைப் பார்த்துக்கொள்வான்? ஒரு கையை வைத்துக்கொண்டு, குழறுகிற வாயை வைத்துக்கொண்டு?

கோர்ட் வராந்தாவில் கால் வைத்ததுமே அவள் எல்லாரையும் பார்த்துவிட்டாள். பயந்தவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. குமாரசாமி வெள்ளை வேட்டியில் ஊர்க்காரர்கள் நாலு பேரோடு முன்னதாகவே வந்திருந்தார். படிக்குக் கீழே வீரன் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றான், அவளைப் பார்த்துக் கும்பிட்டான். வராந்தாவின் கடைசி பெஞ்சில், தலையில் முக்காடு போட்டு, மடியில் தடிமனான பதிவேட்டை வைத்துக்கொண்டு டாக்டர் ஷைமா தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளையும் சாட்சிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டு வருஷத்தில் கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது.

“வந்து உக்காந்திருக்கா பாரு. மத்தியானம் கூண்டுல ஏத்தி நாறடிக்கச் சொல்லியிருக்கறேன் வக்கீலம்மாகிட்ட,” என்றான் ஆனந்தகுமார்.

சௌந்திரம் முந்தானையால் வாயைப் பொத்தினாள். தண்ணீர்க் குழாயைத் தேடி ஓடினாள். வாயைக் கொப்பளித்து நிமிர்ந்தால் பக்கத்தில் காலி பாட்டிலோடு டாக்டர் ஷைமா. ஓடவும் வழியில்லை, ஒளியவும் இடமில்லை. என்ன சொல்லித் திட்டப் போகிறாளோ என்று சௌந்திரம் குழாயையே பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பெண் திட்டவில்லை. 

“உங்க பொண்ணு நல்லா இருக்காளாம்மா?” என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். பாட்டிலை நிரப்பிக்கொண்டு போய்விட்டாள். குத்திக் காட்டினாளா, நிஜமாகவே விசாரித்தாளா, இன்றைக்கு வரைக்கும் சௌந்திரத்துக்குத் தெரியாது.  பிள்ளை மேல் போட்ட பொய்ச் சத்தியத்தை இந்த உலகத்தில் காதால் கேட்ட ஒரே ஆள் அந்த டாக்டர். இன்றைக்கு ஏழாவது பத்தியைச் சொன்னால், மறுபடியும் ஒரு சத்தியம் செய்து இன்னொரு பொய். அந்தப் பெண்ணின் வேலையும் போகும். வீரன் சொன்னதைச் சொன்னால் புருஷன் வழக்கு போகும், கை போனது போனதுதான். உண்மையைச் சொன்னாலோ புருஷன் போவான், மாமனார் போவார், ஊர் போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பள்ளம்தான்.

டவாலி அவள் பேரை மூன்று முறை கூப்பிட்டான். கூண்டில் ஏறியதும் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.  சத்தியப் பிரமாணம் செய்து வைத்தார்கள். வாக்குமூலத்தை உஷாராணி தாக்கல் செய்துவிட்டு உட்கார்ந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். நரைத்த தலை, பேச்சில் அவ்வளவு கனிவு.

“நீங்கள் சௌந்திரம். வாதியின் மனைவி. ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப் போனது நீங்கள் ஒருவர்தான். சரிதானே?”

“ஆமாங்க.”

“ஏழாவது பத்தியில், தாக்கப்பட்டதாக டாக்டரிடம் சொன்னேன், டாக்டர் மாற்றி எழுதிவிட்டார் என்று சொல்லியிருக்கிறீர்கள். அது உண்மைதானே?”

சௌந்திரம் எதிரே பார்த்தாள். முதல் வரிசையில் ஆனந்தகுமார் வலது கையை இடது கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளையைப் பார்க்கிற அப்பனைப் போல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு லேசாக அசைந்தது. அந்தப் பத்தி அவனுக்கு மனப்பாடம்.

“பதில் சொல்லுங்கம்மா,” என்றார் நீதிபதி. அவரும் ஒரு பெண்தான்.

“அது பொய்யிங்க.”

உஷாராணி தலையைத் தூக்கினார். தட்டச்சு நின்றது.

“எது பொய்?”

“ஏழாவது பத்தி பொய்யிங்க. டாக்டரம்மா ஆருகிட்டயும் எதையும் வாங்கல. நான் வண்டியில இருந்து உழுந்துட்டாருன்னு சொன்னேன். அவங்க நான் சொன்னதத்தான் எழுதுனாங்க.”

நரைத்த வக்கீலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு லேசாக முடியும் என்று அவரே நினைத்திருக்க மாட்டார். “ஆக, உங்கள் கணவர் வண்டியிலிருந்து விழுந்தார் என்பது சரிதான்.”

“இல்லீங்க. அதுவும் பொய்தானுங்க. அந்தப் பொய்யச் சொன்னதும் நாந்தான்.”

“இவள மிரட்டிப்போட்டாங்க,” என்று ஆனந்தகுமார் எழுந்து கத்தினான். குழறல் கூடிப்போய் பாதி வார்த்தை புரியவில்லை. “அம்மா, முந்தாநாளு வீரன் ஊட்டுக்கு வந்தானுங்க. மெரட்டிட்டுப் போயிருக்கறான். பயந்துக்கிட்டு அவங்களுக்குச் சாதகமாப் பேசறாளுங்க. எம்பொண்டாட்டி பயந்தாங்கொள்ளிங்க, அவ பேச்ச எடுத்துக்காதீங்க.”

சௌந்திரத்துக்குச் சுரீரென்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு இடத்தில் நின்று உண்மையைச் சொன்னால், அதையும் பயம் என்கிறானே மனுஷன்.

நீதிபதி அவனை உட்காரச் சொன்னார். இன்னொரு முறை சத்தம் வந்தால் வெளியே அனுப்பிவிடுவதாகச் சொன்னார். பிறகு அவள் பக்கம் திரும்பி, “உங்களை யாராவது மிரட்டினார்களா?” என்று கேட்டார்.

“மெரட்டுனாங்கம்மா. அது நெசம். வண்டியில இருந்து உழுந்தாருன்னு சொல்லச் சொல்லி வீரன் மெரட்டுனாரு. எம் புள்ள வேன் எறங்குற நேரத்தக்கூடச் சொன்னாரு. அவரு சொல்லச் சொன்னத நான் சொல்லலீங்க.”

“பிறகு ஆஸ்பத்திரியில் ஏன் அப்படிச் சொன்னீர்கள்?”

அவள் மாமனாரைப் பார்க்கவில்லை. பார்த்தால் வாய் மூடிக்கொள்ளும் என்று தெரியும். கட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“காப்புக் கட்டியிருந்தாருங்க. குண்டம் எறங்குறதுக்கு. அன்னைக்குக் குடிச்சிருந்தாரு. டாக்டரம்மா வாடை வருதுன்னு எழுதுனதும் நெசந்தானுங்க. பார்ல அடிபட்டாருன்னு சொன்னா குடிச்சது ஊருக்குத் தெரிஞ்சு போயிரும்னு பயந்தேன். காப்ப ஆட்டோவுலயே பல்லால கடிச்சு அறுத்துப்போட்டேன். எம் புள்ள மேல பொய்ச் சத்தியம் பண்ணுனேன். ஊட்டுக்காரருகிட்டயும் ரெண்டு வருஷமாச் சொல்லல.”

பின்வரிசையில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. குமாரசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். ஊர்க்காரர்கள் நாலு பேரும் அவர் பின்னால் போனார்கள். அவ்வளவுதான், அந்த வீட்டு முறை அந்தக் கதவோடு போனது என்று சௌந்திரத்துக்குப் புரிந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் சுதாரித்துக்கொண்டார். கனிவு குறையவில்லை. “பயம் வந்தால் பொய் சொல்கிறவர் நீங்கள். சரியா?”

“சரிங்க.”

“இப்போதும் பயத்தில்தான் நிற்கிறீர்கள்.”

“ஆமாங்க. காத்தால இருந்து வாந்தியா எடுக்கறேன். வீரன் வெளிய நிக்கறாரு, எம் புள்ள பள்ளிக்கூடத்துல இருக்குது. கையி காலு நடுங்கறது உங்களுக்கே தெரியும். ஆனா அன்னைக்கு நான் உள்ள போறப்ப எங்க ஊட்டுக்காரரு கீழ கெடந்தாருங்க. அப்பறமும் ஸ்டூல எடுத்து மண்டையில அடிச்சது வீரன். மூணடி தூரத்துல நின்னு பாத்தேன். அது பொய்யில்லீங்க.”

வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்தார். நீதிபதி அவள் சொன்னதை வாக்கியம் வாக்கியமாகச் சொல்ல, தட்டச்சுப் பெண் அடித்தாள். ‘நான் பயந்து பொய் சொன்னேன்’ என்கிற வரியைப் படித்துக் காட்டியபோது சௌந்திரம் தலையாட்டினாள். கையெழுத்தைக் கோணல் மாணலாகப் போட்டாள். மிரட்டல் பற்றித் தனியாக மனுக் கொடுக்கச் சொல்லி நீதிபதி உஷாராணியிடம் சொன்னார். டாக்டரின் சாட்சியம் மதியத்துக்கு இருந்தது.

வராந்தாவில் உஷாராணி அவளைப் பிடித்துக்கொண்டார். “மொதல்லயே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. தப்பா ஒரு பத்தியை எழுதவெச்சு, அதுல கையெழுத்தும் போட்டு...” என்று ஆரம்பித்தவர், அவள் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்திருப்பதைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “போகட்டும். கேஸ் சாகல. இனி இது எந்தப் பக்கம் போகும்னு என்னாலயும் சொல்ல முடியாது,” என்றார். படிக்கட்டில் ஒரு போலீஸ்காரர் வீரனை ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார். வீரன் அவருக்கும் அதே கும்பிடைத்தான் போட்டுக்கொண்டிருந்தான். சௌந்திரம் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, பிரீத்தியை வேனில் ஏற்ற வேண்டாம், தானே வந்து கூட்டிப் போவதாகச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனந்தகுமார் வெளியே வந்தான்.

அவன் அடிப்பான் என்று நினைத்தாள். அத்தனை பேர் நடுவில் அடிக்காவிட்டாலும், இனி உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றாவது சொல்லுவான் என்று நினைத்தாள். அவன் அவளுக்கு இரண்டடி தள்ளி வந்து நின்றான். 

“அப்பா போயிட்டாரு,” என்றான்.

“பாத்தேனுங்க.”

“கூப்புட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல.”

 சௌந்திரம் காதிலிருந்த போனை இறக்கிப் பையில் போட்டாள்.

“அந்தம்மா வாடைன்னு எழுதுனது பொய்யின்னு ஊரெல்லாஞ் சொன்னேன். கலெக்டருகிட்டச் சொன்னேன்.” அவன் குரல் தாழ்ந்துபோயிருந்தது. “உழுந்ததா எழுதுனது உன்னாலன்னு எனக்குத் தெரியாது. ஆனா நாங் குடிச்சது எனக்குத் தெரியுமல்ல. தெரிஞ்சேதான் அந்தப் புள்ளயப் போயி கிழிச்சேன்.”

வராந்தாவின் கடைசி பெஞ்சைப் பார்த்தான். டாக்டர் ஷைமா இன்னும் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். உள்ளே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. சாட்சி சொல்ல வந்தவர்களை முறை வரும்வரைக்கும் உள்ளே விட மாட்டார்கள்.

“போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க,” என்றாள் சௌந்திரம்.

அவன் நகரவில்லை.  

“எனக்குப் பயமா இருக்குது சௌந்திரம். நீயும் வா.”

கல்யாணம் ஆகிப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை. ஆயிரம் அடி ஆழத்துக்குக் கம்பி இறக்கிவிட்டு மேலே பீடி பிடித்துக்கொண்டு நிற்கிறவன்.   சௌந்திரம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள். அவன் ஒரு காலை இழுத்து இழுத்துப் பின்னால் வந்தான். இருபதடி இருக்கும் அந்த பெஞ்சுக்கு. எப்படி ஆரம்பிப்பது, அம்மா என்பதா, டாக்டர் என்பதா, காலில் விழுவதா என்று யோசித்துக்கொண்டே போனாள்.

பாதி தூரம் போயிருப்பார்கள். டாக்டர் ஷைமா தலையை நிமிர்த்தி அவர்களைப் பார்த்தாள். முதலில் சௌந்திரத்தை, அப்புறம் பின்னால் வந்த ஆனந்தகுமாரை. சட்டென்று எழுந்தாள். பதிவேட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, போலீஸ்காரர் எங்கே நிற்கிறார் என்று பார்த்தபடியே சுவரோரமாகப் பின்னால் நகர்ந்தாள்.

அந்த முகம் சௌந்திரத்துக்கு நன்றாகத் தெரிந்த முகம். காலையில் கண்ணாடியில் பார்த்ததுதான்.